குடும்பஸ்தர் என்று சொன்னீர்கள்

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா
நவம்பர் 9, 2024

கருப்பசாமி அங்கிள்,

நான் பிரீத்தா, ஏசுராஜின் மகள். போன மாதம் நியூ ஜெர்சியில் அப்பாவின் அடக்கத்தன்று முன் வரிசையில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வந்து என் கையைப் பிடித்தீர்கள். நான் இழுத்துக்கொண்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை.

போனில் பேசியிருப்பேன். அப்பாவோடு தண்டவாள வேலை பார்த்த அந்த ரயில்ரோட்டு மெஷின் சத்தத்தில் உங்களுக்குக் காது போய்விட்டது என்று தம்பி ஆட்ரியன் சொன்னான். இங்கிலீஷில் மெயில் அனுப்பினால் உங்கள் மகன் க்ரிஷ்தான் வாசித்துச் சொல்ல வேண்டுமாம். இது க்ரிஷ் வாசிக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் தமிழில், கையால் எழுதுகிறேன். ஆறாம் வகுப்புவரை அரக்கோணத்தில் படித்தது, இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

அன்று பாஸ்டர் ஜெபம் முடித்து உட்காருவதற்குள் நீங்கள் எழுந்து மைக்கைப் பிடித்தீர்கள். "குடும்பஸ்தன்னா எங்க ஏசுராஜ் அண்ணாச்சிதான்யா. மழையிலயும் பனியிலயும் தண்டவாளத்துல கெடந்தாரு, அம்புட்டும் பொஞ்சாதி புள்ளைகளுக்காக" என்றீர்கள். சர்ச்சில் பாதிப் பேர் அழுதார்கள். எனக்கு எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. என் பதினான்கு வயது மகள் ஷெரின் பக்கத்தில் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அங்கிள், எங்கள் வீட்டில் ஒரு அப்பா இருந்தார் என்பது எனக்குப் பெரும்பாலும் ஒரு மூடிய கதவாகத்தான் தெரியும். இரவு வேலை, பகலில் தூக்கம். ஜன்னலில் போர்வையை ஆணியடித்து மாட்டியிருப்பார். ஸ்கூலிலிருந்து வந்தால் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவோம். என் கிராஜுவேஷனுக்கு வரவில்லை. என் நிச்சயதார்த்தத்துக்கு வேலை பூட்ஸோடு வந்து, கேக் வெட்டுவதற்குள் போய்விட்டார். அம்மாதான் நர்ஸ் வேலையும் பார்த்து, எங்களையும் பார்த்து, அவருக்குச் சாப்பாடும் கட்டினார். குடும்பம் நடத்தியது அம்மா. அந்தப் பட்டத்தை நீங்கள் எடுத்து அவருக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

அந்தப் பேச்சை ரயில்ரோட்டு ஓய்வுபெற்றவர்களின் பத்திரிகையில் போடப்போகிறார்களாம். வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். 2011 ஜனவரியில் அம்மா வீட்டில் மயங்கி விழுந்து எங்களை விட்டுப் போன அந்தப் பனிப்புயல் நாளில் அப்பாவுக்கு லீவு. ஆனாலும் வேலையில் இருந்தார். நீங்களும் அவரோடு இருந்தீர்கள் என்று தெரியும். ஏன் போனார்?

பிரீத்தா

*

இர்விங், டெக்சஸ்
நவம்பர் 21, 2024

பிரீத்தாவுக்கு,

உன் கடிதம் வந்து பல நாளாயிற்று. என் மனைவி பர்வதம், "அப்பனப் பறிகொடுத்த புள்ள, ஆத்திரத்துல எழுதியிருக்கு. நீங்க பதிலுக்குப் பதில் எழுதாதீக" என்றாள். நானும் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

நான் மைக்கைப் பிடுங்கவில்லை. ஆட்ரியன்தான் என் காதுக்குள் வாயை வைத்து, "அங்கிள், நீங்க பேசுங்க. வேலையில அவர் எப்படி இருந்தார்னு இங்க யாருக்குமே தெரியாது" என்று கத்தினான். நம்பாவிட்டால் அவனையே கேள்.

உனக்குத் தெரிந்தது மூடிய கதவு. அந்தக் கதவுக்கு வெளியே இருந்த மனுஷனை எனக்குத் தெரியும். உன் அம்மா நர்ஸாக இந்த நாட்டுக்கு வந்தார். உன் அப்பா நர்ஸின் புருஷனாக வந்தார். அங்கே தெற்கு ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கிற கேங்குக்கு மேஸ்திரியாக இருந்தவர், நியூ ஜெர்சி ஐசலினில் இரண்டு வருடம் வேலை இல்லாமல் சமைத்துக்கொண்டும் உன்னை ஸ்கூலில் விட்டுக்கொண்டும் இருந்தார். ஆட்ரியன் பிறந்த வருடம் ரயில்ரோட்டில் எடுத்தார்கள். பாஸ்போர்ட்டில் பெயர் 'ஜே' எழுத்தில் ஆரம்பிக்கும், அதனால் எல்லாரும் 'ஜீசஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் கேலிக்குத்தான். இரண்டு குளிர்காலம் போனபின் யாரும் கேலியாகச் சொல்லவில்லை.

நான் அப்போது அங்கேயே ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு மளிகைக் கடையில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். மீன் வாங்க வந்த அண்ணாச்சி, "தம்பி எந்த ஊரு?" என்றார். கோவில்பட்டி என்றேன். "இந்த முதுகோட இங்க என்னத்துக்கு நிக்கே? எங்கூட வா" என்றார். அவரே வேலைக்கு விண்ணப்பம் வாங்கி நிரப்பி, கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினார். என் மகன் படித்ததும், இந்த வீடும் அன்று ஆரம்பித்ததுதான்.

பின்னால் எனக்குக் காது மங்க ஆரம்பித்த சமயம். பக்கத்துத் தண்டவாளத்தில் எக்ஸ்பிரஸ் வருவது எனக்குக் கேட்கவே இல்லை. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார். என் மேலேயே விழுந்தார். ரயில் போனதும் ஒரு அறை விட்டார். பிறகு அவரே உட்கார்ந்து அழுதார். பனியில் நிற்கும்போது கீர்த்தனை பாடுவார். கேங்கில் இருந்த அமெரிக்கர்கள் பனி அள்ளுகிற சவ்வலைத் தட்டித் தாளம் போடுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் உன் மார்க்கைப் பற்றியே பேசுவார். எங்களுக்கு அலுத்துப் போகும்.

நாங்கள் இந்த டெக்சஸுக்கு வந்துவிட்டோம். அவர் ஓய்வு பெற்றபின் ஒவ்வொரு ஜனவரியும் இங்கே வந்து எங்களோடு இருந்தார். என் பேரப்பிள்ளைகளுக்கு இடியாப்பம் பிழிந்து ஊட்டிவிட்டவர் அவர். அவரைக் குடும்பஸ்தர் இல்லை என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

அந்த நாளைப் பற்றிக் கேட்டாய். ஆள் பற்றாக்குறை. கூப்பிட்டார்கள், வந்தார். ரயில்ரோட்டு வேலை அப்படித்தான்.

கருப்பசாமி

*

ஃப்ரீமான்ட்
டிசம்பர் 3, 2024

அங்கிள்,

உங்கள் கடிதத்தை ஆபீஸ் பார்க்கிங்கில் காரில் உட்கார்ந்து படித்தேன். பிறகு உள்ளே போக முடியவில்லை. வயிறு சரியில்லை என்று மெசேஜ் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒவ்வொரு ஜனவரியும் டெக்சஸுக்கு வந்தாரா?

எங்களிடம் என்ன சொன்னார் தெரியுமா? ஃப்ளைட்டில் ஏறினால் காது வலிக்கிறதாம், டாக்டர் பறக்கக்கூடாது என்கிறாராம். ஷெரின் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீடியோவில், "தாத்தா, ஆர் யூ கமிங் திஸ் டைம்?" என்று கேட்பாள். "காது சரியாகட்டும்டா" என்பார். அவள் ஏழு வயதில் கூகுளில் தேடி, காது வலிக்காமல் இருக்க என்ன சூயிங் கம் மெல்ல வேண்டும் என்று கண்டுபிடித்து ஒரு பாக்கெட் அனுப்பினாள். அந்தக் காதை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு மட்டும் பறந்து வந்திருக்கிறார். ஜனவரியில் அப்பா எங்கே என்றால் ஆட்ரியனும் சர்ச் ரிட்ரீட் என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். எல்லாரும் சேர்ந்து எங்களை முட்டாளாக்கியிருக்கிறீர்கள்.

உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு இடியாப்பம். என் பிள்ளைக்குக் காது வலி. இதை எனக்குப் பெருமையாக எழுதி அனுப்ப உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

கீர்த்தனை பாடுவார் என்றீர்கள். அவர் பாடி நான் கேட்டதே இல்லை. வீட்டில் குடும்ப ஜெபத்தில்கூட வாயைத் திறக்க மாட்டார், அம்மாதான் பாடுவார். உங்கள் கேங்குக்கு ஒரு ஏசுராஜும் எங்களுக்கு ஒரு ஏசுராஜுமாக இருந்திருக்கிறார். நல்லவரை நீங்கள் வைத்துக்கொண்டீர்கள்.

வேலை இல்லாமல் இருந்த அந்த இரண்டு வருடம் எனக்கும் நினைவிருக்கிறது. பன்னிரண்டு வயதில் இங்கிலீஷ் வராமல் ஸ்கூலிலிருந்து அழுதுகொண்டு வருவேன். கேட்டுக்கு வெளியே குல்லாய் போட்டுக்கொண்டு நிற்பார். வழியெல்லாம் நான் சொல்லச்சொல்ல அந்தப் பிள்ளைகளைத் தமிழில் திட்டிக்கொண்டே வருவார், வீடு சேருவதற்குள் நான் சிரித்துவிடுவேன். அவருக்கு அவமானம் போல நீங்கள் எழுதிய அந்தக் காலத்தில்தான் எனக்கு ஒரு அப்பா இருந்தார்.

கூப்பிட்டார்கள், வந்தார் என்கிறீர்கள். எல்லாரும் இத்தனை வருடம் சொல்வது அதைத்தான். ஆனால் அன்று காலை ஆட்ரியன் வீட்டில் இருந்தான். பத்தொன்பது வயது, சமையலறையில் சீரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். போன் அடிக்கவே இல்லை என்று அந்த வாரமே என்னிடம் சொன்னான். அப்பா ஜன்னலில் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார். அவ்வளவுதான். யாரும் கூப்பிடவில்லை.

என் அப்பாவைக் காப்பாற்ற என்னிடமே பொய் சொல்லாதீர்கள்.

பிரீத்தா

*

இர்விங்
டிசம்பர் 16, 2024

பிரீத்தா,

அவர் உன் வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று உனக்கு நிஜமாகவே தெரியாதா?

ஓய்வு பெற்ற அடுத்த வருடம் வந்தாரே, உன் மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு. உன் ஆபீஸ் ஆட்கள், உன் புருஷனின் ஆட்கள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு அம்மா, "அங்கிள், ஆண்ட்டி போனப்புறம் தனியா எப்படி மேனேஜ் பண்றீங்க?" என்று கேட்டாளாம். அவர் பதில் சொல்லுமுன் நீ அவர் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டே, "அம்மா விழுந்தப்ப நீங்க எங்கப்பா இருந்தீங்க? அதைச் சொல்லுங்க எல்லாருக்கும்" என்று கேட்டாய். எழுந்து கையைக் கழுவியவர், மறுநாளே கிளம்பிவிட்டார்.

அங்கிருந்து நேராக இங்கேதான் வந்தார். பர்வதம் காபி கொடுத்தாள், தம்ளரைப் பிடித்தபடியே இருந்தார். "எம்மவ என்னைக் கூண்டுல ஏத்திட்டா, கருப்பசாமி" என்றார். எத்தனையோ புயலில் நின்ற மனுஷன் உன்னிடம் பயந்தார். நீ பயமுறுத்திவிட்டு, காது வலி என்று பொய் சொன்னார் என்று இப்போது கோபப்படுகிறாய். ஜனவரியில் அந்த ஐசலின் வீட்டில் அவரால் இருக்க முடியாது. எங்கே போவார்? உன்னிடமா?

எங்களை முட்டாளாக்கினீர்கள் என்று எழுதியிருக்கிறாய். சூயிங் கம் பாக்கெட் அவரோடு இங்கேதான் வந்தது. அதைப் பிரிக்கவே இல்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

சரி, கேட்டாயே, சொல்கிறேன். கூப்பிடவில்லை. அவராகவே வந்தார். பனி கொட்டினால் அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. பனிக்காலத்தில் அந்தத் தண்டவாளத்தில் அவர் ராஜா. 'ஜீசஸ்' வந்துவிட்டார் என்றால் சூப்பர்வைசருக்கே தெம்பு வரும். வீட்டில் அவர் யார்? நர்ஸம்மாவின் புருஷன். பிள்ளைகள் இங்கிலீஷில் பேசிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர். உண்மை வேண்டும் என்றாய், இதுதான் உண்மை. அவருக்கு அங்கே இருக்கப் பிடித்தது. எனக்கும்தான் பிடித்தது. என்னையும் சேர்த்துத் திட்டிக்கொள்.

உன் அம்மா விழுவார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இதற்குமேல் அந்த நாளைப் பற்றி என்னிடம் கேட்காதே.

கருப்பசாமி

*

ஃப்ரீமான்ட்
ஜனவரி 4, 2025

அங்கிள்,

அந்த மேஜையில் அப்படிக் கேட்டேன். ஆமாம். அதற்கு முன்னால் தனியாக எத்தனை தடவை கேட்டேன் என்று அவர் உங்களிடம் சொன்னாரா? போனில் கேட்டேன், "அப்புறம் பேசலாம்மா" என்றார். அம்மாவின் முதல் வருட ஜெபத்துக்குப் போனபோது கேட்டேன், மாடிக்குப் போய்விட்டார். நாலு பேர் முன்னால் கேட்டால் எழுந்து போக முடியாது என்றுதான் அன்று கேட்டேன். அப்போதும் எழுந்து போய்விட்டார். பயந்தாராம். எனக்கும்தான் பயமாக இருந்தது. அம்மா செத்த செய்தியை நான் ஃபோனில் கேட்டேன், ஃப்ளைட் எல்லாம் கேன்சல், இரண்டு நாள் ஏர்போர்ட்டில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தேன். பயத்தை நான் யாரிடம் போய் வைத்தேன்?

'இதற்குமேல் கேட்காதே' என்றால் இதற்குமேல் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆட்ரியன் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் ரயில்ரோட்டு ஆபீஸுக்கும் போன் செய்திருக்கிறான். அப்போது மத்தியானம். அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தபோது இருட்டிவிட்டது, அம்மா போய்விட்டார். நீங்கள் வேலை செய்த இடம் ஆஸ்பத்திரியிலிருந்து அப்படி ஒன்றும் தூரம் இல்லை. ரோட்டில் பனி, வண்டி நகரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் போன கடிதத்தைப் படித்தபின் அப்படி நினைக்க முடியவில்லை.

ரோட்டில்தான் மாட்டிக்கொண்டாரா? ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை போதும். அதற்குப் பிறகு உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

பிரீத்தா

*

இர்விங்
ஜனவரி 19, 2025

பிரீத்தா,

இல்லை.

ஒரு வார்த்தை போதும் என்றாய். ஆனால் ஒரு வார்த்தையை மட்டும் அனுப்பிவிட்டு என்னால் இருக்க முடியாது. பர்வதத்திடம்கூட நான் இதைச் சொன்னதில்லை.

ரயில் ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற இடத்தை நாங்கள் ஸ்விட்ச் என்போம். அங்கே பனி இறுகிவிட்டால் அது நகராது, பின்னால் வருகிற ரயில் அப்படியே நிற்கும். அன்று ஒரு பாசஞ்சர் ரயில் அப்படித்தான் நின்றது. நாங்கள் ஐந்தாறு பேர் தோண்டிக்கொண்டிருந்தோம். சூப்பர்வைசர் ரேடியோவைப் பிடித்தபடி ஓடிவந்தார். "ஜீசஸ், உன் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். சீரியஸ். உன் பையன் கூப்பிட்டான். என் டிரக்கிலேயே போ" என்றார். டிரக் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

அண்ணாச்சி கையுறையைக் கழற்றினார். பிறகு திரும்ப மாட்டிக்கொண்டு, "இத முடிச்சிட்டுப் போறேன்" என்றார்.

நான் தோளைப் பிடித்தேன். "அண்ணாச்சி, நாங்க இத்தன பேரு இருக்கோம்லா? கெளம்புங்க" என்றேன். தள்ளிவிட்டார். முழங்காலில் உட்கார்ந்து, சவ்வலைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் ஐஸைப் பிறாண்டினார். அந்த வேலையை நாங்கள் யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம். அவர் இல்லாமலும் அந்த ரயில் போயிருக்கும். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஸ்விட்ச் நகர்ந்தது, ரயில் போயிற்று. அப்போதும் டிரக்கில் ஏறவில்லை. அடுத்த ஸ்விட்சைப் பார்க்க நடந்தார். நான் குறுக்கே போய் நின்று கெட்ட வார்த்தையில் திட்டினேன். அவரை நான் அப்படித் திட்டியது அந்த ஒரு தடவைதான்.

அப்போது சொன்னார். "அங்க போனா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியலடே. இங்கன்னா தெரியும்."

முகத்தைப் பார்த்தேன். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது. நானும் சூப்பர்வைசரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி டிரக்கில் ஏற்றினோம். போய்ச் சேர்ந்தபோது மதினி இல்லை.

அதற்குப் பிறகு அவர் தண்டவாளத்தில் பாடவில்லை. யாரும் பாடச் சொல்லவும் இல்லை. குடும்பஸ்தர் என்று நான் சொன்னது இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான். நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். அந்தப் பேச்சைப் பத்திரிகையில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆட்ரியனிடம் சொல்லாதே. ஆஸ்பத்திரியில் தனியாக நின்ற பிள்ளை அவன். அப்பனோடு கடைசிவரை ஒரே வீட்டில் இருந்தவன். அவனுக்காவது அந்த அப்பன் மிச்சம் இருக்கட்டும்.

கருப்பசாமி

*

ஐசலின், நியூ ஜெர்சி
பிப்ரவரி 17, 2025

அங்கிள்,

சொல்லிவிட்டேன். ஆட்ரியனிடம்தான். உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

உங்கள் கடிதம் வந்த அன்றே டிக்கெட் போட்டேன். வீட்டில் காரணம் சொல்லவில்லை, தம்பியைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். விமானத்தில் வரும்போதெல்லாம் ஆட்ரியன் எப்படி உடைந்துபோவான், அவனை எப்படிப் பிடித்துக்கொள்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். சனிக்கிழமை சாப்பிடலாம் என்று கூட்டிக்கொண்டு போனான். ஓக் ட்ரீ ரோட்டில் பார்க்கிங் கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தோம். என்னால் அடக்க முடியவில்லை. காரிலேயே சொன்னேன். ஸ்விட்ச், டிரக், கையுறை, எல்லாம்.

அவன் ரோட்டைப் பார்த்தபடியே, "தெரியும்க்கா" என்றான்.

"என்ன தெரியும்?"

"எல்லாம். ஹி டோல்ட் மீ. அம்மாவை அடக்கம் பண்ண மறுநாள், கராஜ்ல வச்சு. 'நான் வந்திருக்கலாம்டா, வரல' அப்படின்னார். கருப்பசாமி அங்கிள்தான் தூக்கி டிரக்ல போட்டார்னும் சொன்னார்."

ஒரு கார் வெளியே வந்தது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, இன்ஜினை அணைக்காமல் பேசினான். இரண்டு வருடம் அப்பாவோடு பேசவே இல்லையாம், ஒரே வீட்டில். அவர் சமைத்து மூடி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவாராம். இவன் அதைத் தொடாமல் பிட்ஸா வாங்கி வருவானாம். "ஒரு நாள் என்னால முடியல. கிச்சன்ல நின்னு கத்தினேன்க்கா. என்ன வேணா சொன்னேன், ஐ கால்ட் ஹிம் எ கவர்ட், கோழைன்னேன். அவர் ஓடலை. நின்னு கேட்டார். எனக்குக் கத்தி முடிஞ்சப்புறம் 'சாப்பிடுறியா?'ன்னார். நான் சாப்பிட்டேன்."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"அது அவர் சொல்ல வேண்டியது. நான் எத்தனை தடவை சொன்னேன் தெரியுமா, அக்காகிட்ட சொல்லுங்கன்னு. டெக்சஸ் போறதையாவது சொல்லுங்கன்னு. 'அவ மன்னிக்க மாட்டா'ன்னே சொல்லிட்டிருந்தார்."

உங்களை அன்று பேசச் சொன்னது அவன்தான் என்பதையும் ஒப்புக்கொண்டான். குடும்பஸ்தர் என்று நீங்கள் சொன்னபோது அவன்தான் சத்தமாக அழுதான். அது வெறும் துக்கம் என்று நான் நினைத்திருந்தேன், எல்லாம் தெரிந்துதான் அழுதிருக்கிறான்.

ஹோட்டலுக்குள் போகவில்லை. கல்லறைக்குக் கூட்டிப்போ என்றேன். அங்கே முழங்கால்வரை பனி. ஆட்ரியன் காரிலேயே இருந்தான். நான் அம்மாவின் கல்லைத் துடைத்தேன். பிறகு பக்கத்தில் இருந்த அப்பாவின் பக்கம் திரும்பி நின்று கத்தினேன், அங்கிள். தமிழில் கத்தினேன். அம்மா உயிரோடு இருந்தபோது ஏன் ஐஸைத் தோண்டினீர்கள் என்று கேட்டேன். என் மகளிடம் காது வலி என்று எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். ஆட்ரியன் சொன்ன அந்த வார்த்தையையும் சொன்னேன். தூரத்தில் பூ வைத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காருக்குப் போய்விட்டது.

நான் மன்னிக்க மாட்டேன் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். ஒருவேளை மன்னித்திருக்க மாட்டேன். ஆனால் சண்டை போட்டிருப்பேன். இரண்டு வருடம் என்ன, பத்து வருடம் போட்டிருப்பேன். ஃப்ரீமான்ட் வீட்டுச் சமையலறையில் அவரை நிற்க வைத்துக் கத்தியிருப்பேன். ஆட்ரியனுக்கு அந்தச் சண்டை கிடைத்தது, அதற்குப் பிறகு ஒரு அப்பாவும் கிடைத்தார். எனக்கு இரண்டையும் தராமல் போய்விட்டார். செய்ததைவிட இதற்குத்தான் எனக்கு ஆத்திரம். இது தீரும் என்று தோன்றவில்லை.

உங்கள் மேலும் கோபம்தான். ஆனால் அவரைத் தூக்கி அந்த டிரக்கில் போட்டீர்கள். திட்டவும் செய்தீர்கள். எங்கள் பக்கமாக ஒருவராவது அன்று அங்கே நின்றிருக்கிறீர்கள்.

நாளை ஊருக்குத் திரும்புகிறேன். ஆட்ரியன் கீழே மீன் வறுக்கிறான், சாப்பிட வரச் சொல்லிக் கூப்பிடுகிறான். கல்லறையில் கத்தியதில் குரல் போய்விட்டது, வருகிறேன் என்று சொல்லாமலே இறங்கிப் போகிறேன்.

பிரீத்தா